எக்ஸ்எம்எல் ஸ்கீமாவை வைத்து டேட்டாபேஸ் டேபிளில் டேட்டா ஏற்றுவது: கன்டெய்னர் யார்டு உதாரணத்துடன் முழுமையான வழிகாட்டி

மணலி, எண்ணூர் பக்கத்து சிஎஃப்எஸ் (கன்டெய்னர் ஃப்ரெய்ட் ஸ்டேஷன்) யார்டுகளுக்கும் மண்ணடி, தம்புச் செட்டித் தெருவில் இருக்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களுக்கும் மென்பொருள் எழுதுபவர்கள் அடிக்கடி செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கப்பல் கம்பெனியிடமிருந்து வருகைப் பட்டியல் எக்ஸ்எம்எல் ஃபைலாக வரும். அதோடு ஒரு எக்ஸ்எஸ்டி ஃபைலும் தருவார்கள்; எக்ஸ்எம்எல்லில் என்னென்ன, எந்த வகையில், எத்தனை முறை வரலாம் என்று சொல்லும் ஸ்கீமா அது. பெரும்பாலானோர் எக்ஸ்எஸ்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எக்ஸ்எம்எல்லை நேராகப் பிரித்து டேபிளில் தள்ளிவிடுகிறார்கள். எடை தப்பாகவும் சீல் எண் பாதியாகவும் உள்ளே போனது, டிரெய்லர் கேட்டில் வந்து நிற்கும்போதுதான் தெரியவரும்.

அந்த எக்ஸ்எஸ்டியிலேயே உங்கள் டேபிள் வடிவமைப்பில் பெரும்பகுதி எழுதப்பட்டிருக்கிறது. முதலில் அதைப் படித்து டேபிள் போட வேண்டும், அதை வைத்து ஃபைலைச் சோதிக்க வேண்டும், பிறகுதான் ஏற்ற வேண்டும். கூடவே, எக்ஸ்எஸ்டியால் எதைப் பிடிக்க முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

உதாரணங்களுக்கு போஸ்ட்கிரெஸ்கியூஎல் 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை எடுத்துக்கொள்கிறோம். எக்ஸ்எம்எல்டேபிள் ஃபங்ஷன் அந்தப் பதிப்பில்தான் வந்தது. எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல் வேறுபடும் இடங்களைத் தனியே சொல்கிறோம். சோதனைக்கு எக்ஸ்எம்எல்லின்ட், பெரிய ஃபைல்களுக்கு பைத்தானும் எல்எக்ஸ்எம்எல் லைப்ரரியும் வேண்டும். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

கையில் இருக்கும் ஃபைல்

எக்ஸ்எம்எல்லில் டேக் பெயர்கள் தமிழிலும் இருக்கலாம் என்பதால் மாதிரியைத் தமிழிலேயே தருகிறோம். கன்டெய்னர் எண்ணும் சரக்குதாரர் பெயரும் இதில் விடப்பட்டுள்ளன.

<வருகை>
  <பில் எண்="4471">
    <வந்தநாள்>2024-11-18</வந்தநாள்>
    <கன்டெய்னர்>
      <எடை>24180.500</எடை>
      <சீல்>887121</சீல்>
      <சீல்>053390</சீல்>
    </கன்டெய்னர்>
  </பில்>
</வருகை>

ஒரு பில் ஆஃப் லேடிங்கின் (சரக்குச் சீட்டின்) கீழ் பல கன்டெய்னர், ஒரு கன்டெய்னருக்குப் பல சீல் (கதவில் போடும் எண்ணிட்ட பூட்டு). இந்த மூன்று அடுக்கையும் கண் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் தவறுகளில் பாதி இந்த அடுக்குகளைத் தட்டையாக்கும்போது வருபவை.

படி 1: எக்ஸ்எஸ்டியை டேபிளாகப் படியுங்கள்

முதலில் மேக்ஸ்ஆக்கர்ஸ் (ஒரு எலிமென்ட் அதிகபட்சம் எத்தனை முறை வரலாம் என்பது) எங்கெங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அதன் மதிப்பு 1-க்கு மேலோ அன்பவுண்டட் என்றோ இருந்தால் அந்த எலிமென்ட்டுக்குத் தனி டேபிள். நம் உதாரணத்தில் பில், கன்டெய்னர், சீல் மூன்றுக்கும் மூன்று டேபிள். "எப்படியும் இரண்டு சீல்தானே" என்று சீல்1, சீல்2 என நெடுவரிசை போடாதீர்கள். கஸ்டம்ஸ் சோதனைக்குத் திறந்து மீண்டும் பூட்டிய கன்டெய்னரில் மூன்றாவது சீல் ஏறிவிடும்.

அடுத்தது மின்ஆக்கர்ஸ், அதாவது குறைந்தபட்சம் எத்தனை முறை வர வேண்டும் என்பது. அது 0 என்றால் நெடுவரிசையில் நல் அனுமதிக்க வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் அதன் மதிப்பு 1, எனவே நாட் நல். ஆனால் இதோடு நில்லபிள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எலிமென்ட்டே இல்லாதது, எலிமென்ட் இருந்து உள்ளே காலியாக இருப்பது, நில் என்று வெளிப்படையாகச் சொன்னது ஆகிய மூன்றும் வேறு வேறு. தேதி வகை எலிமென்ட்டைக் காலியாக அனுப்பினால் ஸ்கீமா சோதனையில் விழும். தேதி தெரியாவிட்டால் எலிமென்ட்டையே விட்டுவிட வேண்டும், அல்லது நில் போட வேண்டும். நடைமுறையில் அதிகம் வரும் பிழை இதுதான். அனுப்புபவரின் மென்பொருள் காலி நெடுவரிசைக்கும் ஒரு டேக் போட்டுவிடுகிறது.

சாய்ஸ் என்று இருந்தால் அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் நல் அனுமதிக்கும் நெடுவரிசை போட்டு, "இவற்றில் ஒன்று மட்டுமே நிரம்பியிருக்க வேண்டும்" என்று ஒரு செக் கட்டுப்பாடு சேர்த்துவிடுங்கள். கீ பிரைமரி கீ ஆகும். கீரெஃப் ஃபாரின் கீ. யுனீக் அப்படியே யுனீக். எனுமரேஷன் பட்டியல் சிறியதாக, மாறாததாக இருந்தால் செக் போதும். மாறக்கூடியது என்றால் தனி லுக்அப் டேபிள்.

படி 2: டேட்டா வகைகளைப் பொருத்துவது

இங்கே அவசரம் கூடாது. எக்ஸ்எஸ்டியின் இன்ட் 32 பிட், லாங் 64 பிட். இவை இன்டிஜர், பிக்இன்ட் ஆகும். இன்டிஜர் என்று எக்ஸ்எஸ்டியில் எழுதியிருந்தால் அதற்கு மேல் வரம்பே கிடையாது. பெயர் ஒன்றாக இருப்பதால் டேட்டாபேஸின் இன்டிஜரில் போட்டால் ஒருநாள் நிரம்பி வழியும். அதற்கு நியூமரிக் போடுங்கள்.

எடை, தொகை எல்லாம் டெசிமல் வகையில் வரும். டோட்டல்டிஜிட்ஸ் 10, ஃபிராக்‌ஷன்டிஜிட்ஸ் 3 என்றால் டேபிளில் நியூமரிக் 13, 3; தசமம் இல்லாத 10 இலக்க எண்ணும் எக்ஸ்எஸ்டியில் தேறும் என்பதால் முன்னால் 10 இலக்கத்துக்கு இடம் வேண்டும். ஃப்ளோட் போட்டால் எடைகளைக் கூட்டும்போது தொகை துல்லியமாகப் பொருந்தாமல் போகலாம். டெசிமல் வகை 24,180.500 என்று கமா போட்டதை ஏற்காது. அடுக்குக்குறி எண்களையும் ஏற்காது. எக்செல்லில் இருந்து எடுத்து எக்ஸ்எம்எல் செய்பவர்களிடமிருந்து இந்த இரண்டும் வரும்.

சீல் எண்ணைப் பாருங்கள்: 053390. எல்லாம் எண்தானே என்று இன்டிஜரில் போட்டால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும், கேட்டில் சீலோடு ஒப்பிடும்போது பொருந்தாது. கணக்குப் போடாத எண் எதுவாக இருந்தாலும் டெக்ஸ்ட்டாக வையுங்கள்.

தேதியும் நேரமும்தான் பணத்தில் போய் நிற்கும் இடம். டேட்டைம் வகையில் நேர மண்டலம் எழுதுவது கட்டாயமில்லை. கப்பல் கம்பெனி நவம்பர் 17 இரவு 8.15 என்று உலகப் பொது நேரத்தில் அனுப்பினால், அது நம் நேரப்படி நவம்பர் 18 அதிகாலை 1.45. தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் ஒரு நாள் முன்னால் போய்விடும். ஃப்ரீ டேஸ் (வாடகை இல்லாத நாட்கள்) கணக்கு ஒரு நாள் குறையும், வாடகை பில்லில் சண்டை வரும். எனவே டைம்ஸ்டாம்ப் வித் டைம்சோன் வகையில் ஏற்றி, ஏசியா/கொல்கத்தா மண்டலத்துக்கு மாற்றிய பிறகே தேதியை எடுங்கள். மண்டலம் இல்லாமல் வரும் நேரத்தை எந்த ஊர் நேரமாக எடுப்பது என்று அனுப்புபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

படி 3: தமிழ்ப் பெயர்களின் நீளம்

முகவரி தமிழில் வரும் இடங்களில் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. "திருவொற்றியூர்" என்பது கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடில் 14 குறியீடுகள். யூடிஎஃப்-8-இல் 42 பைட். எக்ஸ்எஸ்டியின் மேக்ஸ்லெங்த் குறியீடுகளைத்தான் எண்ணும், எனவே 20 என்ற வரம்புக்குள் இது சுலபமாக அடங்கும். போஸ்ட்கிரெஸ்ஸின் வார்கேரும் அப்படியே எண்ணுவதால் சிக்கல் இல்லை. ஆரக்கிளில் வார்கேர்2 வழக்கமாக பைட்டில் எண்ணும். அங்கே 40 என்று போட்டிருந்தால் ஸ்கீமா சோதனையில் தேறிய பெயர் டேபிளில் ஏறாது. நீளத்தைக் கேர் கணக்கில் அறிவியுங்கள். எஸ்கியூஎல் சர்வரில் தமிழுக்கு என்வார்கேர் போடுங்கள்.

இன்னொன்று: அந்தப் பெயரில் உள்ள "வொ"-வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்; டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு சொற்கள். ஜாயின் பொருந்தாது, யுனீக் கட்டுப்பாடு இரட்டைப் பதிவைப் பிடிக்காது. ஏற்றும்போதே என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும் வடிவம்) மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கிறது. பைத்தானில் யூனிகோட்டேட்டா மாடியூலில் அதே பெயரில் கிடைக்கும்.

படி 4: டேட்டாபேஸுக்கு வெளியே சோதனை

போஸ்ட்கிரெஸ் எக்ஸ்எஸ்டி சோதனை செய்யாது, மைஎஸ்கியூஎல்லும் செய்யாது. எனவே எக்ஸ்எம்எல்லின்ட்டை நோஅவுட், ஸ்கீமா என்ற இரண்டு ஆப்ஷனோடு ஓட்டுங்கள். பிழை இருந்தால் வரி எண்ணோடு சொல்லும். எக்ஸிட் கோட் 0 ஆக இருக்காது. உங்கள் ஸ்கிரிப்ட் அந்த எக்ஸிட் கோடைப் பார்த்துத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

எக்ஸ்எம்எல் ஃபைலுக்குள்ளேயே ஸ்கீமாலொக்கேஷன் என்று ஒரு முகவரி இருக்கலாம். அதை நம்ப வேண்டாம். அனுப்புபவர் தன் ஃபைலை எதை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று தானே சொல்லும் ஏற்பாடு அது. உங்கள் சர்வரில் இருக்கும் எக்ஸ்எஸ்டி பிரதியையே கொடுங்கள். அந்த எக்ஸ்எஸ்டி வேறு ஃபைல்களை இன்க்ளூட் அல்லது இம்போர்ட் செய்திருந்தால் எல்லாவற்றையும் அதே ஃபோல்டர் அமைப்பில் வைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஸ்கீமாவே கம்பைல் ஆகாது.

எக்ஸ்எஸ்டி 1.0 2001-இல் வந்தது, 1.1 2012-இல். எக்ஸ்எம்எல்லின்ட் 1.0-ஐ மட்டுமே அறியும். ஸ்கீமாவில் அசர்ட் என்று கண்டால் அது 1.1; அதற்கு ஜாவாவின் ஜெர்சஸ் போன்ற வேறு கருவி தேவை.

சோதனையில் வரும் வழக்கமான பிழைகளும் காரணங்களும்:

- "எதிர்பாராத எலிமென்ட்": சீக்வென்ஸுக்குள் வரிசை மாறியிருக்கிறது, அல்லது நேம்ஸ்பேஸ் (டேக் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்ற அடையாளம்) பொருந்தவில்லை. எலிமென்ட்ஃபார்ம்டிஃபால்ட் எழுதாமல் விட்டால் அன்குவாலிஃபைட் என்று பொருள். உள் எலிமென்ட்டுகள் நேம்ஸ்பேஸ் இல்லாமல் வர வேண்டும் என்று அது எதிர்பார்க்கும்.
- பேட்டர்ன் பொருந்தவில்லை: எக்ஸ்எஸ்டி பேட்டர்ன் தானாகவே முழு மதிப்பையும் ஒப்பிடும். தொடக்கத்துக்கு ^, முடிவுக்கு $ என்று பழக்கத்தில் போட்டால் அவற்றை அந்தக் குறிகளாகவே தேடும், எதுவுமே பொருந்தாது.
- ஃபைலே திறக்கவில்லை: கம்பெனிப் பெயரில் உள்ள & குறியை அப்படியே விட்டிருப்பார்கள். பாரிமுனைக் கடைப் பெயர்களில் பாதியில் "& கோ", "& சன்ஸ்" இருக்கும். இதைத் திருத்த வேண்டியவர் அனுப்புபவர். உங்கள் பக்கம் கண்டுபிடித்து மாற்றும் ஸ்கிரிப்ட் எழுதினால் சரியாக எழுதப்பட்ட & குறியையும் அது கெடுத்துவிடும்.

வெளியிலிருந்து வரும் ஃபைல் என்பதால் டிடிடியும் (எக்ஸ்எம்எல்லின் பழைய வகை விதிகள்) வெளி என்டிட்டியும் (வேறு ஃபைலை உள்ளே இழுக்கும் குறிப்பு) அணைக்கப்பட்டிருக்க வேண்டும். எல்எக்ஸ்எம்எல்லில் ரிசால்வ் என்டிட்டிஸ், நோ நெட்வொர்க் அமைப்புகளை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால், குறிப்பாகப் பழைய பதிப்புகளில், ஒரு ஃபைலை வைத்தே உங்கள் சர்வரின் உள் ஃபைல்களைப் படிக்கவும் மெமரியை நிரப்பவும் முடியும்.

தேறியது என்பதால் டேட்டா சுத்தமாகிவிட்டது என்று எடுக்காதீர்கள். டோக்கன் வகை, ஓரத்து இடைவெளிகளை விட்டுவிட்டுச் சோதிக்கும். ஃபைலில் அந்த இடைவெளி அப்படியே இருக்கும். டேட்டாபேஸ் படிக்கும்போது இடைவெளியோடுதான் வரும், டிரிம் செய்ய வேண்டும். டிஃபால்ட் மதிப்புகளும் அப்படித்தான்: ஸ்கீமாவில் எழுதியிருக்கும், ஏற்றும் வினவலுக்கு அவை தெரியாது. நீங்கள்தான் கோஅலெஸ் (மதிப்பு இல்லாவிட்டால் மாற்று மதிப்பைத் தரும் ஃபங்ஷன்) போட வேண்டும்.

படி 5: ஸ்டேஜிங்

நிஜ டேபிளுக்கு முன் டேட்டாவைத் தற்காலிகமாக இறக்க மூன்று ஸ்டேஜிங் டேபிள் போடுங்கள். எல்லா நெடுவரிசையும் டெக்ஸ்ட், எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம். கூடவே ஃபைல் பெயர், ஃபைலின் எஸ்எச்ஏ-256 ஹாஷ், ஏற்றிய நேரம். வந்த எக்ஸ்எம்எல்லை அப்படியே வைக்க இன்னொரு டேபிள். மூன்று மாதம் கழித்துத் தகராறு வரும்போது மூல ஃபைல் வேண்டும். இந்த மூல ஃபைல் டேபிளிலும் ஹாஷை வைத்து, அங்கே மட்டும் யுனீக் போட்டால் அதே ஃபைல் இரண்டாவது முறை வரும்போது அங்கேயே நின்றுவிடும்.

பிரிப்பது எக்ஸ்எம்எல்டேபிளின் வேலை. பில் டேபிளுக்கு ரோ பாதை /வருகை/பில், கன்டெய்னருக்கு /வருகை/பில்/கன்டெய்னர், சீலுக்கு /வருகை/பில்/கன்டெய்னர்/சீல். கன்டெய்னர் ரோவில் பில் எண் வேண்டுமே? நெடுவரிசைப் பாதையில் ../@எண் என்று ஒரு படி மேலே ஏறி எடுத்துக்கொள்ளலாம். சீலுக்கு ஒரு படி ஏறினால் கன்டெய்னர் எண், இரண்டு படி ஏறினால் பில் எண். ஃபார் ஆர்டினாலிட்டி (வரிசை எண்) நெடுவரிசை ஒன்றும் சேருங்கள். எத்தனையாவது பதிவு கெட்டது என்று அனுப்புபவருக்குச் சொல்ல உதவும்.

இந்தப் படியில் இரண்டு பொறிகள். முதலாவது நேம்ஸ்பேஸ். ஃபைலின் மேல் எலிமென்ட்டில் டிஃபால்ட் நேம்ஸ்பேஸ் இருந்தால், முன்னொட்டு இல்லாத எக்ஸ்பாத் (எலிமென்ட்டைத் தேடும் பாதை) எதையும் கண்டுபிடிக்காது. பிழைச் செய்தி வராது, 0 ரோ வரும், ஸ்கிரிப்ட் "வெற்றி" என்று முடியும். போஸ்ட்கிரெஸ் டிஃபால்ட் நேம்ஸ்பேஸ் அறிவிப்பை ஏற்காது. எக்ஸ்எம்எல்நேம்ஸ்பேசஸ் பகுதியில் ஏதாவது ஒரு முன்னொட்டைக் கொடுத்து, பாதையின் ஒவ்வொரு படியிலும் அதை எழுதுங்கள். அட்ரிபியூட்டுக்கு வேண்டாம்.

இரண்டாவது, சீலைக் கன்டெய்னர் வினவலிலேயே எடுக்கப் பார்ப்பது. ஒரு நெடுவரிசைக்கு இரண்டு மதிப்பு கிடைத்தால் போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நிற்கும், அது நல்லது. எஸ்கியூஎல் சர்வரில் வேல்யூ மெத்தட் ஒற்றை மதிப்பைக் கேட்பதால் எல்லாரும் பாதையின் இறுதியில் [1] போடுவார்கள். முதல் சீல் ஏறும், இரண்டாவது சத்தமில்லாமல் தொலையும். எங்கே [1] எழுதினாலும் எக்ஸ்எஸ்டியில் அந்த எலிமென்ட்டின் மேக்ஸ்ஆக்கர்ஸ் 1-தானா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எஸ்கியூஎல் சர்வரில் எக்ஸ்எம்எல் ஸ்கீமா கலெக்‌ஷன் உருவாக்கி அந்த வகையில் நெடுவரிசை போட்டால், ஸ்கீமாவுக்குப் பொருந்தாததை அதுவே தடுக்கும். ஆனால் அது இன்க்ளூட், கீ, கீரெஃப், யுனீக் ஆகியவற்றை ஆதரிக்காது; அந்தச் சோதனைகள் டேபிள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஃபைலைப் படிக்க ஓப்பன்ரோசெட்டில் சிங்கிள்பிளாப் பயன்படுத்துங்கள். அப்போதுதான் ஃபைல் தலைப்பில் சொன்ன என்கோடிங்கை அது மதிக்கும்.

படி 6: எக்ஸ்எஸ்டியால் முடியாத சோதனைகள்

கன்டெய்னர் எண்ணையே எடுங்கள். ஐஎஸ்ஓ 6346 தரப்படி 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். பேட்டர்ன் "4 எழுத்து, 7 இலக்கம்" என்று மட்டும் பார்க்கும். டைப் செய்தவர் இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டாலும் அது தேறிவிடும்.

கணக்கு இப்படி. எழுத்துகளுக்கு ஏ = 10 தொடங்கி மதிப்பு; 11, 22, 33 மூன்றும் விடப்படும். எனவே பி = 12, எல் = 23, வி = 34. இடமிருந்து வலமாக 10 இடங்களையும் 1, 2, 4, 8 என்று 512 வரை இரட்டிப்பாகப் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்த மீதிதான் சோதனை இலக்கம். மீதி 10 வந்தால் 0.

சி எஸ் கியூ யு 305438-3 என்ற எண்ணைப் போட்டுப் பார்ப்போம். எழுத்து மதிப்புகள் 13, 30, 28, 32. பெருக்கினால் 13, 60, 112, 256. இலக்கங்களுக்கு 48, 0, 320, 512, 768, 4096. கூட்டினால் 6185. 11-ஆல் வகுத்தால் 562 முறை போக மீதி 3. எண்ணின் கடைசி இலக்கமும் 3, சரி. இதை ஒரு எஸ்கியூஎல் ஃபங்ஷனாக எழுதி ஸ்டேஜிங் மீது ஓட்டுங்கள்.

எடையையும் பாருங்கள். காலி 20 அடிக் கன்டெய்னரே 2 டன்னுக்கு மேல் இருக்கும். மொத்த எடை 24.180 என்று வந்தால் அனுப்பியவர் கிலோவுக்குப் பதில் டன்னில் கொடுத்திருக்கிறார். டெசிமலாக அது செல்லும், எக்ஸ்எஸ்டி விட்டுவிடும். 2000-க்குக் குறைவானதை நிறுத்தி வையுங்கள்.

தவறான பதிவுகளை அழிக்காமல், காரணத்தோடு ஒரு நிராகரிப்பு டேபிளுக்கு நகர்த்துங்கள். ஒரு கன்டெய்னர் தவறு என்றால் அந்த பில் முழுவதையும் நிறுத்துவதா, அதை மட்டும் விடுவதா என்பது யார்டு மேலாளர் எடுக்க வேண்டிய முடிவு. எங்கள் பரிந்துரை, பில் முழுவதையும் நிறுத்துவது. பாதி ஏறிய பில்லைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

படி 7: நிஜ டேபிளுக்கு நகர்த்துவது

எல்லாம் ஒரே டிரான்சாக்‌ஷனில், பில், கன்டெய்னர், சீல் என்ற வரிசையில். டெக்ஸ்ட்டில் இருந்து நிஜ வகைக்கு மாற்றுவது இங்கேதான்.

திருத்திய பட்டியல் மறுபடி வரும் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் ஆன் கான்ஃப்ளிக்ட் போட்டு, இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர் என்று செய்யலாம். ஆனால் பழைய பட்டியலில் 5 கன்டெய்னர் இருந்து, திருத்தியதில் 4 மட்டும் வந்தால், ஐந்தாவது உங்கள் டேபிளில் அப்படியே தங்கிவிடும். எனவே அந்த பில்லின் கீழ் உள்ளவற்றில் புதிய பட்டியலில் இல்லாதவற்றை "நீக்கப்பட்டது" என்று குறிக்கும் வரியும் வேண்டும். கேட் இன் ஆகிவிட்ட (யார்டுக்குள் வந்துவிட்ட) கன்டெய்னர் என்றால் தானாகக் குறிக்காமல் ஆளிடம் காட்டுங்கள்.

ஒரே ஃபைலில் ஒரே கன்டெய்னர் இரண்டு முறை இருந்தால் ஆன் கான்ஃப்ளிக்ட் அப்டேட், ஒரே ரோவை இரண்டாவது முறை தொட முடியாது என்று சொல்லி நிற்கும். டிஸ்டிங்க்ட் போட்டு மறைக்காதீர்கள். எடை இரண்டிலும் ஒன்றா என்று பார்த்து, வேறாக இருந்தால் நிராகரியுங்கள்.

கமிட்டுக்கு முன் எண்ணிப் பாருங்கள். ஃபைலில் எத்தனை கன்டெய்னர் என்பதை எக்ஸ்பாத்தின் கவுன்ட் சொல்லும், மொத்த எடையை சம் சொல்லும். டேபிளில் ஏறியதும் நிராகரித்ததும் சேர்ந்து அதற்குச் சமமாக வர வேண்டும். சம் ஃப்ளோட்டில் கணக்கிடுவதால் எடையை மூன்று தசம இடத்துக்குச் சுருக்கி ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் ரோல்பேக். ஃபைலில் உள்ள எண்ணிக்கையே 0 என்று வந்தாலும் ரோல்பேக்தான்; நேம்ஸ்பேஸ் பொறி இங்கே மாட்டும்.

பெரிய ஃபைல்கள்

சில நூறு எம்பி தாண்டினால் முழு ஃபைலையும் மெமரியில் மரமாகக் கட்டும் முறை சரிவராது. மரம் ஃபைலைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். எல்எக்ஸ்எம்எல்லின் இட்டர்பார்ஸ் கொண்டு ஒவ்வொரு பில் முடியும்போதும் எடுத்து, சில ஆயிரம் ரோ சேர்ந்ததும் காப்பி கட்டளையால் ஸ்டேஜிங்கில் தள்ளுங்கள். முடித்த எலிமென்ட்டை கிளியர் செய்தால் மட்டும் போதாது. காலியான எலிமென்ட் பெற்றோரிடம் ஒட்டிக்கொண்டே இருக்கும், அதற்கு முந்தைய உடன்பிறப்புகளையும் நீக்க வேண்டும். இதை விட்டால் மெமரி மெல்ல ஏறி, ஃபைலின் கடைசிப் பகுதியில் புரோகிராம் விழும்.

ஸ்கீமா மாறும்போது

அனுப்புபவர் எக்ஸ்எஸ்டியின் புதிய பதிப்பைத் தருவார். சில சமயம் சொல்லாமலே மாற்றுவார். ஒவ்வொரு பதிப்பையும் தேதியோடு கிட் வெர்ஷன் கன்ட்ரோலில் வையுங்கள், எந்த ஃபைல் எந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது என்பதை மூல ஃபைல் டேபிளில் எழுதுங்கள். புதிய பதிப்பு வந்ததும் பழையதோடு டிஃப் எடுத்து மூன்றை மட்டும் முதலில் தேடுங்கள்: மேக்ஸ்ஆக்கர்ஸ் 1-லிருந்து கூடியது, மின்ஆக்கர்ஸ் 0 ஆனது, எனுமரேஷனில் புதிய மதிப்பு. முதலாவதுக்குப் புதிய டேபிளும் பழைய டேட்டாவை நகர்த்தும் வேலையும் தேவை. மற்ற இரண்டும் ஒரு ஆல்டர் டேபிளில் முடியும். புதிய பதிப்புக்கு மாறிய பிறகும் சில வாரம் பழைய பதிப்பு ஃபைல்கள் வந்துகொண்டிருக்கும். டார்கெட் நேம்ஸ்பேஸைப் பார்த்து எந்த எக்ஸ்எஸ்டியை எடுப்பது என்று ஸ்கிரிப்ட் முடிவு செய்யட்டும். இரண்டு பதிப்புக்கும் ஒரே நேம்ஸ்பேஸ் வைத்திருந்தால், மேல் எலிமென்ட்டில் ஒரு வெர்ஷன் அட்ரிபியூட் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.